அண்மைய ஆவணங்களின் பட்டியல்: அழிவதும் எஞ்சுவதும்

சொற்செயலியைத் திறந்தவுடன் நம் கண்முன் தோன்றுவது வெற்றுத்தாள் மட்டுமன்று. அதற்கு முன்னர் அக்கணினியில் திறக்கப்பட்ட ஆவணங்களின் பெயர்களும் அங்கு நிரையாக நிற்கின்றன. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வதற்கான ஒரு வசதி என்ற அளவிலேயே இப்பட்டியல் பொதுவாக நோக்கப்படுகின்றது. தமக்கெனத் தனிக் கணினி உடையவரைப் பொறுத்தவரை அது வசதியே. ஆயின் நூலகத்துப் பொதுக் கணினியிலோ, துறை அலுவலகத்திலோ, தொடர்பகம் ஒன்றிலோ இருந்து எழுதுபவருக்கு அதுவே வேறொரு பொருளைப் பெறுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கருத்தரங்குக் கட்டுரையொன்றை அச்செடுப்பதற்காகத் தொடர்பகம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கு சொற்செயலியைத் திறந்தபோது பட்டியலில் முதலாவதாக நின்றது ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தின் பெயர். யார் மீது முறைப்பாடு என்பதும் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. கடிதத்தை நான் திறக்கவில்லை. விடயத்தை அறிவதற்கு அதனைத் திறக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எழுதியவர் கோப்பைத் தமது பென் டிறைவில் எடுத்துச் சென்றிருக்கக்கூடும். கோப்பு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இப்பட்டியலின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் இங்கு முதற்கண் வேண்டப்படுவது. பட்டியலில் இருப்பது ஆவணமன்று. ஆவணத்தின் பெயரும் அது வைக்கப்பட்ட இடத்தின் முகவரியுமே. நூலகத்தின் நூற்பட்டியல் அட்டையைக் கிழித்தெறிந்தால் அலுமாரியிலுள்ள நூல் அழிந்துபோவதில்லை. அதுபோலவே பட்டியலை வெறுமையாக்குவதால் ஆய்வேட்டின் ஓர் எழுத்தேனும் குறையப்போவதில்லை. எனினும், தாம் எக்கோப்புறையில் சேமித்தோம் என்பதை அறியாது பட்டியலையே நம்பி வாழும் மாணவர் பலர். மின்னஞ்சலோடு வந்த கோப்பை முறையாகச் சேமியாது நேரே திறந்து திருத்துவோரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. அவ்வாறு திறக்கப்படும் கோப்புத் தற்காலிகக் கோப்புறையொன்றில் தங்கிவிடுவதுண்டு. இத்தகையோர் பட்டியலை நீக்குமுன் கோப்பின் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளல் நன்று.

நீக்கும் முறை கடினமானதன்று. மைக்ரோசொப்ற் வேட்டின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை இப்பட்டியல் மிகச் சிறியது: இயல்பாக 4 பெயர்கள், கூடியது 9. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அது 50 வரை விரிந்தது. முக்கியமான ஆவணங்களைப் பட்டியலில் ஊசிகொண்டு குத்திவைக்கும் வசதியும் அப்பதிப்போடு வந்தது. இன்றைய பதிப்புக்களில் அண்மைய ஆவணங்களின் பக்கத்துக்குச் சென்று, ஏதேனுமொரு பெயரின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால், அவ்வொரு பெயரை மாத்திரம் அகற்றும் கட்டளையும், குத்திவைக்கப்படாத அனைத்தையும் அகற்றும் கட்டளையும் கிடைக்கும். குத்திவைத்தவை பின்னரும் எஞ்சும் என்பது பலர் கவனியாத ஒன்று. உயர்நிலை அமைப்புக்களில், காட்டவேண்டிய ஆவணங்களின் எண்ணிக்கையை 0 என இடுவது இன்னொரு வழி. இது காட்சியைப் பற்றிய அமைப்பேயாகும். மறைத்தலை அழித்தலாகக் கொள்ளலாகாது. லிப்ரே ஒபிஸில் பட்டியலின் அடியிலேயே அதனை வெறுமையாக்கும் கட்டளை உண்டு.

ஆயின் சிக்கல் சொற்செயலியோடு முடிந்துவிடுவதில்லை. திறக்கப்படும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் விண்டோஸ் இயங்குதளம் தன்பங்குக்கு ஒரு குறுக்குவழிக் கோப்பை ஆக்கித் தனியொரு கோப்புறையில் இட்டுவைக்கின்றது. அக்குறுக்குவழி பெயரை மட்டும் சுமப்பதன்று. மூல ஆவணத்தின் பாதை, அளவு, அது ஆக்கப்பட்டதும் திருத்தப்பட்டதுமான நேரங்கள், அது இருந்த வட்டின் தொடரிலக்கம் ஆகியனவும் அதனுள் பதிவாகின்றன. பென் டிறைவைக் கழற்றிச் சென்ற பின்னரும் இவை கணினியிலேயே தங்கும். 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல், பணிப்பட்டையிலுள்ள செயலியின் சின்னத்தின் மீது வலப் பொத்தானை அழுத்தினாலே இத்தகைய பட்டியலொன்று எழுகின்றது. எனவே சொற்செயலியில் மட்டும் துடைத்துவிட்டு எழுந்து செல்பவர் ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்துவிட்டவராகின்றார். இயங்குதளத்தின் அமைப்புக்களில், அண்மையில் திறந்தவற்றைக் காட்டும் தெரிவையும் நிறுத்துதல் வேண்டும்.

ஆவணம் தன்னுள்ளேயே தன் வரலாற்றைச் சுமந்து செல்வதும் உண்டு. 2003 பெப்ரவரியில், ஈராக் மீதான படையெடுப்புக்குச் சற்று முன்னர், பிரித்தானியப் பிரதமர் அலுவலகம் ஈராக் பற்றிய ஆவணமொன்றை வேட் கோப்பாகவே இணையத்தில் வெளியிட்டது. அதன் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்னும் ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிளென் ரங்வாலா வெளிப்படுத்தினார். அக்கோப்பின் உள்ளே, இறுதியாக அதனைச் சேமித்த பத்துத் தடவைகளின் பதிவும் இருந்தது: சேமித்தவர்களின் பெயர்கள், கோப்புக் கிடந்த கோப்புறைகளின் பாதைகள், நெகிழ்வட்டொன்றில் அது பிரதிசெய்யப்பட்டமை ஆகிய யாவும். போருக்கு நியாயம் கற்பிக்க முனைந்த ஓர் அரசின் ஆவணம் யார் யார் கைப்பட்டது என்பதை அவ்வாவணமே சொல்லிவிட்டது. இங்கு எஞ்சிய தடயம் பொதுநலனுக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதே பொறிமுறை, மேலதிகாரிக்கு எதிராக முறைப்பாடு எழுதும் கடைநிலை ஊழியரையும் வேறுபாடின்றிக் காட்டிக்கொடுக்கும். இன்றைய வேட் கோப்புக்களில் அப்பத்துத் தடவைப் பதிவு இல்லை. எனினும் ஆக்கியவரின் பெயரும், இறுதியாகத் திருத்தியவரின் பெயரும், திருத்துதற்குச் செலவான நேரமும் ஆவணப் பண்புகளில் இன்றும் பதிவாகின்றன.

இவ்விடயத்தைத் தனிமனிதக் கவனக்குறைவு பற்றிய விடயமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது என்பது என் கருத்து. சொந்தக் கணினி வாங்க வசதியற்றவரே தம் எழுத்தின் தடயத்தைப் பிறர் கண்முன் விட்டுச் செல்லவேண்டியவராகின்றார். பல கணினிக்கூடங்களில் எல்லா மாணவரும் ஒரே பயனர் பெயரில் உள்நுழைகின்றனர். அதனால் அனைவரது பட்டியல்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வழங்கினால், அல்லது வெளியேறும்போது யாவும் அழியும் விருந்தினர் கணக்கை அமைத்தால், இச்சிக்கலின் பெரும்பகுதி தானே நீங்கும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்கவேண்டியதில்லை. கூடத்துக்குப் பொறுப்பானவர் மனங்கொண்டால் போதும்.

அதுவரை, பொதுக் கணினியில் எழுதுபவர் கோப்பின் பெயரில் ஆட்பெயரையோ விடயத்தையோ சேர்க்காதிருப்பது நன்று. இணையக் கணக்கின்வழி உள்நுழைந்து எழுதியவர் எழுமுன் அக்கணக்கிலிருந்து வெளியேறினாரா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அவ்வாறு வெளியேறாவிடின், அடுத்து அக்கதிரையில் அமர்பவருக்குத் திறப்பது பெயர்களின் பட்டியல் மட்டுமன்று. இணையத்தில் அவர் சேமித்துவைத்த ஆவணங்களுந்தான்.