மாதச் சம்பளம் இல்லாத அப்பா... பிள்ளைக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

தூத்துக்குடியில் பல வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்ற கணக்கே கிடையாது. விசைப்படகில் போனால் பிடிபாட்டில் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. சங்கு குளிக்க சீசன் வேண்டும், உப்பளத்துக்கு வெயில் வேண்டும், துறைமுகத்தில் சரக்கு இறக்கக் கப்பல் வரவேண்டும்.

இப்படியொரு வீட்டில் கணவனும் மனைவியும் பிரிந்தால், "எனக்கே நிலையான வருமானம் இல்ல, மாசாமாசம் எங்க இருந்து கொடுக்குறது?" என்ற கேள்வி வரும். நீதிமன்றத்தில் இது எடுபடுமா? பார்க்கலாம்.

எந்தச் சட்டம்?

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. இது எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். பெற்றோருக்கு முறைப்படி திருமணம் ஆகாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. தொகைக்கு இருந்த 500 ரூபாய் உச்சவரம்பு 2001-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

வருமானத்தை எப்படிக் காட்டுவது?

2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையை வகுத்தது. வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் இரண்டு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். சம்பளச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கு, படகு, வண்டி, வீட்டுச் செலவு எல்லாம் கணக்கில் வரும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை வழங்கவேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

உடல் திடமாக இருப்பவர் கூலி வேலை பார்த்தாவது மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் காப்பாற்றவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, சம்பளச் சீட்டு இல்லை என்பதாலேயே யாரும் தப்பிக்க முடியாது.

அம்மாவும் வேலைக்குப் போனால்?

பொறுப்பு இருவருக்கும் உண்டு. 2000-ல் ஒரு வழக்கில் அப்பாவின் சம்பளம் அம்மாவுடையதைப் போல சுமார் இரண்டு மடங்கு. பிள்ளைகளின் செலவையும் 2:1 என்றே உச்ச நீதிமன்றம் பிரித்தது.

தடைக்காலத்தில் கொடுக்க முடியலையே?

நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கேட்டு மனு போடலாம். தானாக நிறுத்தினால் அது பாக்கியாகச் சேரும். வசூலுக்கு வாரண்ட் பிறப்பித்தும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி தீராது. அம்மாக்கள் கவனிக்கவேண்டியது: பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டாகவேண்டும்.

"பிள்ளையைப் பார்க்க விடல, அதான் பணம் தரல" என்ற வாதமும் நிற்காது. பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போடவேண்டும்.

எங்கே போவது?

கணவர் வேறு ஊரில் இருந்தாலும், மனைவி இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். குடும்ப நல நீதிமன்றம் விசாரிக்கும். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், கூடுமானவரை, இடைக்காலத் தொகை குறித்து முடிவெடுக்கவேண்டும் என்கிறது சட்டம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண்: 15100. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் செலவு பில் ஆகியவற்றை எடுத்துப் போனால் வேலை சுலபமாகும்.