செல்போனில் படம் எடுக்கும் முன்... குத்தை விலக்கிப் பாருங்கள்!

நெல் வயலில் ஒரு பகுதி மஞ்சளாகத் தெரிகிறது. உடனே செல்போனில் படம் எடுத்து, மருந்துக் கடைக்கோ, வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்புகிறார்கள். சிறிது நேரத்தில் ஒரு மருந்தின் பெயர் பதிலாக வருகிறது. அன்று மாலையே தெளிப்பும் முடிந்துவிடுகிறது. இன்றைக்குப் பல ஊர்களில் நடக்கும் விஷயம் இது. வேலை சுலபமாகிவிட்டது உண்மைதான். ஆனால், வரப்பில் நின்றே பயிரின் குறையைச் சொல்லிவிடும் பழைய திறமை இதனால் மங்கி வருகிறதா? இது வெறும் பெருமை பேசுவதற்கான கேள்வி அல்ல. தேவையில்லாத ஒரு தெளிப்புக்கும் மருந்துச் செலவு, ஆள் கூலி இரண்டும் உண்டு.

படத்தில் தெரியாத விஷயங்கள்

பயிர் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. தழைச்சத்து குறைந்தால், அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்தோ, கந்தகச்சத்தோ குறைந்தால் இளம் இலைகளில்தான் முதலில் தெரியும். வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கினாலும் பயிர் மஞ்சளாகும். அப்போது வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும்.

மேலிருந்து எடுத்த படத்தில் வேரும் தெரியாது, நாற்றமும் தெரியாது. கடைசியாக உரம் போட்டது எப்போது, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் நிலத்துக்காரருக்குத்தான் தெரியும். இவற்றைச் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்பினால், பதில் சொல்பவர் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

இந்தோனேசியா பட்ட பாடு

பார்க்கும் வேலையை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. இந்தோனேசியாவில் உயர் விளைச்சல் ரகங்களோடு, பூச்சிக்கொல்லிகளும் பெரும் மானியத்தில் கொடுக்கப்பட்டன. பூச்சி இருக்கிறதோ இல்லையோ, நாள் கணக்கு வைத்துத் தெளிப்பது வழக்கமானது. 1970-களின் நடுவில் புகையான் தாக்கி, பெருமளவு நெல் அழிந்தது. 1984-ல் அந்த நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் புகையான் மீண்டும் கிளம்பியது.

காரணம், தெளித்த மருந்துதான். புகையான் தன் முட்டைகளை இலை உறைக்குள் செருகி வைக்கும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. ஆனால், புகையானைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப் பூச்சிகளும் மருந்தில் செத்துப்போகும். சில நாள் கழித்து முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இருக்காது. அதைப் பார்த்து மறுபடியும் தெளித்தார்கள். மறுபடியும் புகையான் பெருகியது.

1986-ல் அந்நாட்டு அதிபர், நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து ஆணையிட்டார். மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1989-ல் உலக உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு ‘வயல்வெளிப் பள்ளி’கள் தொடங்கின. ஏறத்தாழ 25 விவசாயிகள் வாரம் ஒருநாள் வயலில் கூடுவார்கள். குத்துக் குத்தாகப் பூச்சிகளை எண்ணுவார்கள். பார்த்ததைப் பெரிய தாளில் வரைந்து, தெளிக்கலாமா வேண்டாமா என்று கலந்து பேசி முடிவெடுப்பார்கள். புகையானையும் சிலந்தியையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று கண்ணாலேயே பார்த்தார்கள். அங்கே தெளிப்பு குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. இந்த முறைதான் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டிலும் வேளாண்மைத் துறை இப்படிப்பட்ட வயல்வெளிப் பள்ளிகளை நடத்தி வருகிறது.

கண்ணுக்குத் துணையாகும் கருவிகள்

அதற்காக எல்லாக் கருவிகளும் திறமையை மழுங்கடிக்கும் என்று சொல்ல முடியாது. இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். நடவு செய்த 14-ம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் நேராக விழாதபடி உடல் நிழலில் வைத்து, 10 இடங்களில் இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மேலிருந்து மூன்றாவதாக, முழுவதும் விரிந்த இலையைப் பார்க்க வேண்டும். 6 இடங்களுக்கு மேல் நிறம் 4-க்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு இந்த அளவு 3. இரண்டு, மூன்று போகம் இப்படிப் பார்த்தவர்களுக்கு, அட்டை இல்லாமலே நிறம் பிடிபட ஆரம்பித்துவிடும்.

பாசனத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. 30 செ.மீ நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளைகள் இட்டு வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ கீழே இறங்கிய பிறகு, 5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் நேரத்திலும் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

செல்போனிலேயே மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டரும் நல்ல வசதிதான். நடு ராத்திரியில் பாம்புக்குப் பயந்து வயலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், மோட்டார் போடப் போகிற சாக்கில் தினமும் வரப்பைச் சுற்றி வந்தபோது, எலி வளை, நண்டு வளை, மடை உடைப்பு எல்லாம் கண்ணில் பட்டன. அந்த நடை நின்றுபோனால் அவையும் கவனத்துக்கு வராது. சந்தை விலை, வானிலை, மானிய விவரங்களுக்கு ‘உழவன்’ செயலி கைகொடுக்கும். வயலைச் சுற்றி வரும் வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

வாரம் ஒருநாள், அரை மணி நேரம்

* வரப்போரத்தை விட்டு உள்ளே இறங்கி, குறுக்காக நடந்து 10 இடங்களில் குத்தை விலக்கி, தண்ணீரை ஒட்டிய அடித்தண்டைப் பாருங்கள்.

* புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு. இந்த அளவைத் தொடும்போதுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

* வளர்ச்சிப் பருவத்தில் தண்டுத் துளைப்பானால் 10 சதவிகிதம் குருத்து காய்ந்தாலோ, இலைச்சுருட்டுப் புழுவால் 10 சதவிகிதம் இலை சேதமானாலோ நடவடிக்கை தேவை. அதற்குக் குறைவு என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

* தேதி, எண்ணிக்கை, உரம் போட்ட நாள், தண்ணீர் கட்டிய நாள் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

* சந்தேகம் இருந்தால், அதன் பிறகு படம் எடுங்கள். முழுப் பயிர், பாதித்த இலை, பிடுங்கிய வேர் என மூன்று படங்களோடு, நோட்டில் உள்ள விவரங்களையும் சேர்த்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்புங்கள்.

போனை நன்றாகக் கையாளத் தெரிந்த பிள்ளைகளும், பூச்சியைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பெரியவர்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இந்த அரை மணி நேரத்துக்கு இருவரும் சேர்ந்தே வயலில் இறங்கலாம். எண்ணுவதை தாத்தா சொல்லிக் கொடுக்கட்டும். நோட்டைப் பேரன், பேத்திகள் எழுதட்டும். அடுத்த போகத்தில் அதே வயல் மஞ்சளானால், முதலில் புரட்டிப் பார்க்க அந்த நோட்டு வீட்டில் இருக்கும்.