நடை சாத்தும் நேரம்

சென்னைவாசிகளுக்கு ஒருநாள் பயணம் என்றால் அன்று காஞ்சிபுரம்தான். விடிகாலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு பாரிமுனையில் பஸ் ஏறுவார்கள். பூந்தமல்லி தாண்டியதும் ஏரியும் பனையும் வயலுமாக வழி நீளும். பலர் ஸ்ரீபெரும்புதூரிலேயே இறங்கிவிடுவார்கள். ராமானுஜர் 1017-இல் பிறந்த ஊர். மூலவர் ஆதிகேசவப் பெருமாள் என்றாலும், கூட்டம் வருவது உடையவர் எனப்படும் ராமானுஜரின் 'தானுகந்த திருமேனி' என்ற விக்கிரகத்தைச் சேவிக்கத்தான். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். காஞ்சிக் கோயில்களிலும் அதே கதைதான் என்பதால் அவசரப்பட்டுப் பயனில்லை. மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து, சற்றே கண்ணயர்ந்து, மாலை நடை திறக்கும்வரை இருந்தாக வேண்டும். அந்த ஊர்க்காரர்களோடு பேச வாய்த்தது அப்போதுதான். அந்தக் காத்திருப்பே பயணத்தின் சிறந்த பகுதி என்பேன்.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இதே ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். ஊரின் பெயர் உலகமெங்கும் துயரத்தோடு போய்ச் சேர்ந்தது. 2003-இல் நினைவிடம் திறக்கப்பட்டது.

இதற்கிடையே தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார், 2006-இல் நோக்கியா போன், 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். பின்னாலேயே டைம்லர் லாரியும் என்பீல்டு பைக்கும். சாலை அகலமாயிற்று, காரில் போகிறவர்கள் ஊருக்குள் திரும்பாமலே காஞ்சியைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இன்றைய உண்மையான ஒருநாள் பயணிகள் வேறு ஆட்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். வாரம் முழுதும் ஷிப்டு. விடுமுறை கிடைத்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோவில் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். ஏழடி உயர முருகன். கொஞ்சம் காசு சேர்ந்தால் காஞ்சிபுரம், மாமல்லபுரம். சுற்றுலா என்று பேசும்போது இவர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

ஏனென்றால் பார்க்க வேண்டியவை இவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் மணிமங்கலம், படப்பைக்கு அருகில்தான். அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள், சாளுக்கியரோடு சோழர் நடத்திய போர்களை விவரிக்கின்றன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகளும் ரோமானிய ஜாடி ஓடுகளும் பொன் அணிகளும் கிடைத்தன. கடல் கடந்த வணிகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதை ஏற்றுமதிக்குக் கார் பூட்டும் தொழிலாளி கட்டாயம் அறிய வேண்டும்.

ஷிப்டுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ்களில் ஒன்றிரண்டை ஞாயிறுதோறும் வல்லக்கோட்டை, வடக்குப்பட்டு, மணிமங்கலம் என்று சுற்றிவரச் செய்யலாம். இறங்குகிறவர்களுக்குக் கல்வெட்டைப் படித்து, தமிழிலும் இந்தியிலும் விளக்க உள்ளூர் வாத்தியார்கள் இருவர் போதும்.