பின் பொருந்தினால் போதுமா? பழைய கேசியோவைத் தீர்த்துக்கட்டும் 'எலிமினேட்டர்'!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டை ரெயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ரிச்சி தெரு.

கம்ப்யூட்டர், செல்போன், கேமரா என்று வாசலில் நின்று கூவிக் கூப்பிடும் இந்தத் தெருவில் ஒரு ரக ஆசாமிகள் தனியாகத் தெரிவார்கள். கையில் துணிப்பை. பைக்குள் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய கேசியோ கீபோர்டு. அல்லது துபாயில் இருந்து எப்போதோ வந்த டேப் ரிக்கார்டர்.

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, இதுக்கு அடாப்டர் கிடைக்குமா?"

பழைய ஆட்கள் இதை 'எலிமினேட்டர்' என்பார்கள். பேட்டரி செலவை ஒழிக்க வந்த பொருள் என்பதால் அந்தப் பெயர். தப்பான எலிமினேட்டரைச் சொருகினால் பேட்டரியை மட்டுமல்ல, பெட்டியையே ஒழித்துவிடும்!

ஒரே விநாடி... புஸ்!

நடப்பது இதுதான். பையில் இருந்து பெட்டி வெளியே வரும். கடையில் தொங்கும் அடாப்டர் ஒவ்வொன்றாக ஓட்டையில் சொருகிப் பார்க்கப்படும். ஒன்று கச்சிதமாக உட்காரும். "ஆ, இதுதான்!" என்று சுவிட்சைத் தட்டுவார்கள்.

லேசாக ஒரு கருகல் வாடை. அப்புறம் கப்சிப்!

பெட்டிக்குள் இருக்கும் பழைய ஐ.சி.க்கள் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை. போனால் போனதுதான். பெட்டி அப்பா வாசித்ததாக இருக்கும். கல்யாணக் கச்சேரியில் சோறு போட்டதாக இருக்கும். அது செத்தது சில நூறு ரூபாய் அடாப்டரால்!

பிளஸ் எங்கே? மைனஸ் எங்கே?

குற்றவாளிகளில் முதல் ஆள், பிளஸ்-மைனஸ் கோளாறு.

அடாப்டர் பின்னில் நடுத் துளை ஒரு முனை, வெளிப்பக்கம் இன்னொரு முனை. நடுவில் பிளஸ் இருப்பதுதான் இப்போது வழக்கம். பழைய கேசியோக்கள் பலவும் அப்படி அல்ல. அவற்றுக்கான 'ஏ.டி.-5' அடாப்டரில் 9 வோல்ட், நடுவில் மைனஸ்! கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் பாஸ் பெடல்களும் இதே ஜாதிதான்.

யமஹா பி.எஸ்.ஆர். கீபோர்டுகள் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பிளஸ். பக்கத்து வீட்டு யமஹா அடாப்டரை இரவல் வாங்கிக் கேசியோவில் மாட்டினால் வோல்ட்டும் தப்பு, முனையும் தலைகீழ்.

சரி, அதே கம்பெனி அடாப்டர் வாங்கினால்? அங்கேயும் ஒரு வில்லங்கம். கேசியோவின் பிற்கால 'ஏ.டி.-இ95100' அடாப்டர் 9.5 வோல்ட், நடுவில் பிளஸ். பெயரில்தான் கேசியோ. பின் சேரவில்லையே என்று வயரை வெட்டிப் பழைய பின்னை ஒட்டினீர்களோ, கோவிந்தா!

விடை பெட்டியிலேயே இருக்கிறது. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ். இதுதான் அந்தப் படம். புள்ளியோடு சேர்ந்த கோடு எந்தக் குறிக்குப் போகிறதோ, அதுதான் நடுமுனை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பாதி சாவு தப்பும்.

எழுத்து அழிந்து போனால்?

வோல்ட் எத்தனை என்பது அழிந்திருந்தால், பேட்டரி போடும் அறையைத் திறந்து எண்ணுங்கள். சாதா பேட்டரி ஒன்றுக்கு 1.5 வோல்ட். நாலு போட்டால் 6, ஆறு போட்டால் 9. ஆனால் இதையே வேதவாக்காகப் பிடிக்கக் கூடாது. ஆறு பேட்டரி போடும் யமஹாவுக்கும் 12 வோல்ட் அடாப்டர் உண்டு. எனவே மாடல் நம்பரையும் ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கள்ளன், டிரான்ஸ்பார்மர் வைத்த மலிவு எலிமினேட்டர். மேலே 9 என்று எழுதியிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 12, 13 என்று முள் எகிறும். மோசடி என்று சண்டைக்குப் போக வேண்டாம். முழு லோடு இழுக்கும்போதுதான் அது 9க்கு இறங்கும். ஆனால் சொற்பக் கரண்டு இழுக்கும் வாக்மேன் போன்ற 3 வோல்ட் சாமானுக்கு இந்தச் சங்காத்தமே ஆகாது. 'ரெகுலேட்டட்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

கரண்டு விஷயத்தில் பயம் வேண்டாம். பெட்டி 500 மில்லி ஆம்பியர் கேட்டால் 1 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போடலாம். வேண்டியதைத்தான் பெட்டி இழுக்கும். குறைவாகப் போட்டால்தான் அடாப்டர் சூடேறி இளகும்.

ஏ.சி.யிலும் ஒரு அடாப்டர்

எல்லா அடாப்டரும் டி.சி. என்று நினைப்பதும் ஆபத்து. ரிக்கார்டிங் ஸ்டூடியோக்களில் எதிரொலிக்காக வைத்திருந்த அலெசிஸ் மைக்ரோவெர்ப், குவாட்ராவெர்ப் பெட்டிகளுக்குத் தேவை 9 வோல்ட் ஏ.சி.! அந்த அடாப்டரை எடுத்து டி.சி. கீபோர்டில் மாட்டினால் கதை முடிந்தது. நெளிகோடு போட்டிருந்தால் ஏ.சி. நேர்கோட்டுக்குக் கீழே சின்னக் கோடுகள் இருந்தால் டி.சி.

அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டி என்றால் இன்னும் உஷார். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100. அந்த ஊர் டிரான்ஸ்பார்மர் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். இப்போதைய சுவிட்சிங் அடாப்டர்களில் '100-240' என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. மலிவு ரகத்தில் பாட்டுக்கு நடுவே 'கிர்ர்' என்று இரைச்சல் வரும், அவ்வளவுதான்.

செத்ததா, மூர்ச்சையா?

வேடிக்கை என்னவென்றால், புது அடாப்டர் தேடி அலைகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை!

பழைய அடாப்டர் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் பின்னின் கழுத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருப்பதுதான். வளைத்துப் பிடித்தால் விளக்கு எரியும், விட்டால் அணையும். இதுதான் அடையாளம். அந்த இடத்தை வெட்டி, புதுப் பின் வைத்து, முனை மாறாமல் பற்றவைத்தால் வேலை முடிந்தது. 'உர்ர்' என்று ஓயாமல் உறுமினால் உள்ளே கண்டென்சர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அதையும் மாற்றலாம். ஆனால் பூட்டிய அடாப்டரை வீட்டில் உடைத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே ஓடுவது 230 வோல்ட்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பழைய அடாப்டரைக் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது. பெட்டி, அடாப்டர் இரண்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பின்னில் 2.1 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் என்று இரண்டு துளை உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கடைக்காரரிடம் சொருகச் சொல்வதற்கு முன்னால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம், தெரு முழுக்கக் கடைதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகளுக்கு லீவு.