கமராவும் பற்றரியும் ஆகாயப் பயணமும்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவை நோக்கிக் கிழக்கே செல்லும் வீதியில் அமைந்திருக்கும் முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களைக் கொண்ட ஊர். பற்றரி ஒன்றின் பெறுமதியை அவ்வூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாதிருந்த 1990களில், வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்றாயிருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் அங்கே பலர். வலுவிழந்த ரோச் பற்றரியை வெயிலிற் காயவைத்து, இன்னும் ஓர் இரவுக்கேனும் அது ஒளி தராதா என்று பார்த்த வீடுகளும் உண்டு. 2002ஆம் ஆண்டில் போர்நிறுத்தத்தோடு அத்தடை நீங்கிற்று.

இன்று அதே ஊருக்குக் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் ஒருவருடைய பையில், கமராவுக்கென நான்கு பற்றரிகள், கைத்தொலைபேசிக்கென ஒரு பவர் பாங்க், ட்ரோன் கமராவுக்கென மேலும் மூன்று என ஒரு சிறு கடைக்குரிய பற்றரிகள் இருக்கின்றன. இப்பொழுது அவற்றைத் தடுப்பது வீதிச் சோதனைச் சாவடியன்று. ஆகாய விமானத்தின் பாதுகாப்பு விதி. அவ்விதி எதற்காக வந்தது, அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பவற்றை அறியாதவர் விமான நிலையத்தில் பற்றரிகளை இழந்து நிற்கிறார்.

இழப்பு சிறியதுதானே, வேறொன்று வாங்கினாற் போயிற்று என்று சொல்லலாம். ஆனால் வன்னியிற் படம் எடுக்க வருபவரின் நிலை வேறு. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அந்த வீதி வழியே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்கள், வழிநெடுகத் தம் உடைமைகளை ஒவ்வொன்றாகக் கைவிட நேர்ந்தது. அவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் கலியாண அல்பங்களும், இறந்தவர்களின் சட்டமிட்ட படங்களும் அடங்கும். தாயின் முகத்தைக் காட்ட ஒரு படமும் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எனவே பல்லாண்டுகளுக்குப் பின் பேத்தியின் கலியாணத்துக்கென வெளிநாட்டிலிருந்து வரும் மகன், முதிய தந்தையைத் தம் வயல் வரம்பில் நிறுத்தி ஒரு படம் எடுக்க விரும்புவது பொழுதுபோக்கன்று. அந்த வேளையிற் கமராவின் பற்றரி கட்டுநாயக்காவிற் குப்பைக்கூடையிற் கிடக்குமாயின், அதே வகைப் பற்றரியைப் பரந்தன் கடைகளிற் தேடிப் பெறுவது எளிதன்று.

கமராவுக்கும் தீக்கும் உள்ள உறவு புதியதன்று. பழைய சினிமாச் சுருள்கள் செலுலோசு நைத்திரேற்று என்னும் பொருளாற் செய்யப்பட்டவை. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தமையால், அச்சுருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் நீருக்குள் அமிழ்த்தினாலும் எரிந்தது. 1950களின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டு, எளிதிற் தீப்பற்றாத அசற்றேற்றுச் சுருள் அதன் இடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1991ஆம் ஆண்டில், ஜப்பானின் சோனி நிறுவனம் இலிதியம் அயன் பற்றரியை முதன்முதலாக வணிகப் பொருளாக்கியது. அது முதலிற் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று கையடக்க வீடியோக் கமரா. இவ்வாறு, சுருளை விட்டு நீங்கிய தீ பற்றரியின் வழியாகப் படக்காரரின் பைக்குள் மீண்டும் புகுந்துகொண்டது எனலாம். அப்பற்றரியின் ஆக்கத்துக்கு அடிகோலிய குட்இனஃப், விற்றிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இலிதியம் அயன் பற்றரி சிறிய உருவிற் பெருமளவு ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. அதன் இரு முனைவாய்களுக்கிடையே கடதாசியினும் மெல்லிய ஒரு பிளாத்திக்குத் தாள் இருக்கிறது. சூழ இருப்பது எளிதிற் தீப்பற்றும் திரவம். விழுந்து நசுங்கினாலோ, உற்பத்தியிற் குறையிருந்தாலோ, அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலோ அந்தத் தாள் கிழிந்து உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகும். அப்பொழுது தோன்றும் வெப்பம் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும். விரைந்த தாக்கம் மேலும் வெப்பத்தைத் தரும். ஈரம் உலராத வைக்கோலைப் போராக அடுக்கிவிட்டாற் சில நாளில் அதன் உட்புறம் கைவைக்க இயலாதபடி சூடேறுவதை வயற்காரர் அறிவர். வெளியேறும் சூட்டைவிட உள்ளே பிறக்கும் சூடு மிகுதியாகும்போது நேர்வது அது. பற்றரியில் நாட்கணக்கில் அன்றி, நொடிக்கணக்கில் அது நிகழ்கிறது. ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தைத் தாக்க, அது தன் முறைக்கு வெடிக்க, புகையும் தீயும் தொடர்ந்து எழும்.

இனி விதியின் மையத்துக்கு வரலாம். மேலதிகப் பற்றரிகளும் பவர் பாங்குகளும் விமானத்தின் சாமான் அறைக்குச் செல்லும் பெட்டிக்குள் இருத்தலாகாது. பயணியோடு கைப்பையில் மட்டுமே செல்லவேண்டும். ஆபத்தான பொருளைப் பயணிகளின் நடுவே கொண்டுவந்து, ஆளில்லாத அறைக்குள் வைக்காதே என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். பலரும் இந்த இடத்திலேயே பிழைவிடுகின்றனர். ஆபத்தானது என்று சொல்லப்பட்டதை வெகு சிரத்தையோடு பெரிய பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். உண்மையில் சாமான் அறையில் தீ எழுந்தால் அணைப்பதற்கு ஹேலன் என்னும் வாயு செலுத்தப்படுகிறது. அது சுவாலையை அடக்கும். ஆனால் பற்றரியின் உள்ளே நிகழும் தாக்கத்தை நிறுத்தவோ அதனைக் குளிர்விக்கவோ அதனால் இயலாது. பயணிகள் இருக்கும் பகுதியிலோ புகையைக் கண்ணாற் காணலாம். பணியாளர் விரைந்து வந்து, தீயை அடக்கி, நீரை ஊற்றிக் குளிரச் செய்யலாம். ஆள் எட்டக்கூடிய இடமே பாதுகாப்பான இடம் என்பதே இவ்விதியின் கருத்து.

இவ்வறிவு விலைகொடுத்துப் பெறப்பட்டது. 2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் திகதி, பெருந்தொகையான இலிதியம் பற்றரிகளையும் சரக்கோடு ஏற்றிக்கொண்டு துபாயிலிருந்து புறப்பட்ட யூ.பீ.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் தீப்பற்றி வீழ்ந்தது; அதில் இருந்த விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். 2016ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி முதல், பயணிகள் விமானங்களில் இலிதியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தடைசெய்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்திற் புறப்படக் காத்திருந்த எயர் பூசான் விமானமொன்றில், தலைக்கு மேலுள்ள பெட்டித் தட்டிலிருந்து தீ எழுந்தது. 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பாங்க் ஒன்றே காரணமாயிருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். விமானம் அப்பொழுது நிலத்தில் நின்றது என்பதை மறத்தலாகாது. அதன்பின் பவர் பாங்குகளை மேற்தட்டில் வைப்பதைக் கொரியா தடுத்தது. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 2025 ஏப்பிரில் முதலும், எமிரேற்ஸ் அவ்வாண்டு ஒக்ரோபர் முதலும் பறக்கும்போது பவர் பாங்கைப் பயன்படுத்த விடுவதில்லை எனத் தீர்மானித்தன. எமிரேற்ஸ் ஒரு பயணிக்கு ஒன்று மட்டுமே என்றும் வரையறுத்தது.

எவ்வளவு பெரிய பற்றரி வரை கொண்டுசெல்லலாம் என்பது வோற் மணித்தியாலக் கணக்கிலே சொல்லப்படுகிறது. கணக்கு எளிது. பற்றரியின் மேல் அச்சிடப்பட்ட மில்லியம்பியர் மணித்தியாலத்தை வோற்றளவாற் பெருக்கி ஆயிரத்தாற் பிரிக்கவேண்டும். 7.2 வோற்றளவும் 2,280 மில்லியம்பியர் மணித்தியாலமும் உடைய கமராப் பற்றரி ஏறத்தாழ 16.4 வோற் மணித்தியாலம் கொண்டது. 20,000 என்று எழுதப்பட்ட பவர் பாங்கைக் கலத்தின் வோற்றளவாகிய 3.7ஆற் பெருக்கினால் 74 வரும். 30,000 எனில் 111. 100 வோற் மணித்தியாலத்துக்கு உட்பட்டவை பொதுவாக அனுமதிக்கப்படும். 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மேலதிகமாக இரண்டுக்கு மேற் கொண்டுசெல்லலாகாது. 160ஐத் தாண்டியது பயணியோடு செல்ல இயலாது. கலியாண வீடியோ எடுப்போர் பயன்படுத்தும் பெரிய பற்றரிகளிற் பல 98 அல்லது 99 என்னும் அளவில் நிற்பதன் இரகசியம் இந்த எல்லைதான். எழுத்து அழிந்த பற்றரியை அதிகாரி நம்பவேண்டிய கடமையில்லை. அளவு தெளிவாகத் தெரியாததை அவர் எடுத்துவைத்தால் அவரைக் குறைகூற முடியாது.

எண்ணிக்கையிலும் வரம்பு உண்டு. 100 வோற் மணித்தியாலத்துக்கு உட்பட்ட மேலதிகப் பற்றரிகளுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் வழிகாட்டி 20 என்று கூறினும், நிறுவனங்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகையாற் பயணச்சீட்டு வாங்கிய நிறுவனத்தின் விதியைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வதே நலம். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் விமானங்களில் மாறி ஏறி வருபவர் அவற்றுள் மிகக் கடுமையான விதியையே பின்பற்றவேண்டும்.

பற்றரியின் உலோக முனைகள் திறந்திருக்கையில், பையிற் கிடக்கும் திறப்புக்கோர்வையோ நாணயமோ அவற்றைத் தொடுத்துவிட்டால் வெளியிலேயே குறுஞ்சுற்று ஏற்படும். இதற்குப் பெரிய உபாயம் எதுவும் வேண்டியதில்லை. வாங்கும்போது வந்த பிளாத்திக்கு மூடியை இடலாம். அது தொலைந்திருப்பின் முனைகளின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பையில் இடலாம். வீங்கிப் புடைத்த பற்றரி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் விமானத்தில் ஏறக்கூடாது. முரசுமோட்டையின் பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் நாள் முழுவதும் கிடந்த பற்றரியைத் திரும்பும் பயணத்துக்கு முன் தட்டையான மேசையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆடினால் அது வீங்கியிருக்கிறது. பெயர்போன நிறுவனத்தின் முத்திரையைப் போலியாக இட்டு மலிவாக விற்கப்படுபவை, உள்ளே பாதுகாப்புச் சுற்று இல்லாதனவாயும் இருக்கக்கூடும்.

கமராவுக்குள் பூட்டியிருக்கும் பற்றரிக்கு விதி சற்று இளகும். கருவி முற்றாக நிறுத்தப்பட்டு, தற்செயலாக இயங்காதபடி காக்கப்பட்டிருந்தால் அது பெரிய பெட்டியிலும் செல்லலாம். எனினும் கண்ணாடி வில்லைகளை மூட்டை எறிவோரின் கையில் ஒப்படைப்பவர் அரிது. முக்காலியும் மின்னேற்றும் கருவியும் வடங்களும் பெட்டிக்குப் போகலாம். பிளாஷ் விளக்குக்கு இடும் சாதாரண அல்கலைன் பற்றரிகள் எங்கும் செல்லலாம். அவற்றுக்கும் முனைப் பாதுகாப்பு வேண்டும்.

இந்தியாவிலிருந்து வருவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பலாலியில் 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் இடைநின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீளத் தொடங்கியது. கட்டுநாயக்காவிலிருந்து ஓர் இரவு முழுதும் வீதியிற் கழிக்கும் பயணத்தை அது வன்னி மக்களுக்கு மிச்சப்படுத்துகிறது. ஆனால் அவ்வழியிற் பறக்கும் ஏ.ரீ.ஆர். விமானம் சிறியது, மேற்தட்டும் சிறியது. பருமனான கமராப் பையை வாயிலில் வாங்கிச் சாமான் அறைக்கு அனுப்புவது இத்தகைய விமானங்களில் வழமை. அந்தக் கணத்திற் பையைத் திறந்து பற்றரிகள் அனைத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைப் பயணி மறக்கிறார். அவசரத்தில் பணியாளரும் கேட்க மறக்கலாம். எல்லாப் பற்றரிகளையும் ஒரே சிறு பையில் இட்டு மேலே வைத்திருந்தால், ஒரு கையசைவில் எடுத்துக்கொள்ளலாம்.

கண்டாவளைக்கு அப்பால், வடகிழக்கே சுண்டிக்குளத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளைப் படம்பிடிக்க வருவோரும் இவ்வழியைப் பயன்படுத்துகின்றனர். 1938இற் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அப்பகுதியிற் பறவைகள் தொலைவிலேயே நிற்கும். நீண்ட வில்லையும் பல மணிநேரக் காத்திருப்பும் பற்றரியை விரைவில் உண்டுவிடும். ட்ரோன் கொண்டுவருபவர் பற்றரிக் கணக்கோடு நின்றுவிடலாகாது. இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளையும் அனுமதியையும் முன்னரே நாடவேண்டும்.

படச்சுருளை இன்றும் விரும்புவோர் சிலர் உண்டு. கழுவப்படாத சுருளைப் பெரிய பெட்டியில் இடுதல் ஆகாது; அங்கே பாய்ச்சப்படும் வலிய எக்ஸ் கதிர் அதனை மங்கச் செய்யும். புதுவகைச் சோதனை இயந்திரங்கள் கைப்பையிலுள்ள சுருளையும் கெடுக்கக்கூடியவை. ஆகவே கையாற் சோதிக்குமாறு பணிவோடு கேட்பதே வழி. மெமரி கார்ட்டுக்கு அக்கதிரால் தீங்கில்லை. ஆயினும் திரும்பும்போது படங்களின் ஒரு பிரதியை ஊரில் உள்ளவர்களிடம் விட்டுச் செல்வது நன்று. ஒரே பையில் எல்லாப் படங்களும் போவதன் விலையை அக்குடும்பங்கள் ஏற்கெனவே அறியும்.

பயணத்துக்கு உதவாது என்று கழித்த வீங்கிய பற்றரியை வளவின் மூலையிற் குப்பையோடு சேர்த்துவிடும் வழக்கம் இருக்கிறது. மாலையிற் குப்பைக்குத் தீ வைக்கையில், சருகு கூட்டும் பாட்டியோ விளையாடும் பிள்ளையோ அருகில் நிற்பார்கள். அதனைச் சுடவோ குத்தவோ கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மணல் நிரப்பிய தகரப் பேணியில் இட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, பின்னர் இலத்திரனியற் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்திற் சேர்ப்பிக்கவேண்டும்.