ஆரோக்கியப்பச்சை: காணியர் காட்டிய மூலிகை

அகத்தியமலைக் காட்டின் நிழலில், ஓடையோர ஈரமண்ணில் வளரும் சிறு செடி ஆரோக்கியப்பச்சை. பெருவள்ளிக் கிழங்கின் குடும்பத்தைச் சார்ந்ததாயினும், இது கொடியாகப் படராமல் நிலத்தோடு தாழ்ந்தே வளர்கிறது. டிரைகோபஸ் செய்லானிகஸ் எனப்படும் இவ்வினம் இலங்கையிலும் மலாயாத் தீபகற்பத்திலும் உண்டு. தென்னிந்தியச் செடியைத் திருவிதாங்கூர்க் கிளையினமெனத் தாவரவியலார் பிரித்துரைப்பர்.

1987ஆம் ஆண்டில் அம்மலையேறிய ஆய்வாளர்கள், வழிகாட்டிகளான காணிப் பழங்குடியினர் இதன் காய்களை மென்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இதனை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்புரிமை வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது; அதனைப் பெற 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது.

மூலிகைகளின் பயனை வகுப்பறையில் பட்டியலிடும் நாம், அவ்வறிவு யாருடையது என்பதைப் பெரும்பாலும் கூறாது விடுகிறோம். காட்டறிவும் உடைமையே, அதனைப் பெற்றவர் உரியவர் பெயரைச் சொல்லவும் பயனைப் பகிரவும் கடமைப்பட்டவர் என்பதே இச்சிறு செடி நமக்கு உணர்த்துவதாகும்.