புழு குளவியாவது எப்படி?



"கொட்டக் கொட்டக் குளவியாகும்" என்று நம்ம பக்கம் ஒரு பழமொழி உண்டு. குளவி ஒரு பச்சைப்புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைக்குது. சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து ஒரு குளவி வெளியே வருது. புழுவைக் கொட்டிக் கொட்டியே தன் பிள்ளையாக்கிவிட்டது என்று பெரியவங்க நினைத்தார்கள். அவங்க பார்த்தது சரிதான். ஆனால் கூட்டுக்குள்ளே நடப்பது வேறு.

வீட்டுச் சுவரிலோ செடித் தண்டிலோ நெல்லிக்காய் அளவில், வாய் விரிந்த சின்னக் கூஜா மாதிரி ஒரு மண்கூட்டைப் பார்த்திருப்பீங்க. வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணை உருட்டி வந்து தாய்க்குளவி தனியாகவே அதைக் கட்டுது. கட்டி முடித்ததும் உள்ளே மேற்பக்கத்தில் ஒரு மெல்லிய நூலில் முட்டையைத் தொங்கவிடுது. பிறகுதான் வேட்டை. இலை தின்னும் புழுக்களைத் தேடிப் பிடித்துக் கொட்டுது. அந்த விஷத்தில் புழு சாவதில்லை, அசைய முடியாமல் போகுது. செத்தால் அழுகிவிடும் அல்லவா? உயிரோடு கிடந்தால் கெடாமல் இருக்கும். இப்படிப் பல புழுக்களை அடைத்து, மண்ணால் வாயை மூடிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூண்டுப்புழுவாகி, கடைசியில் குளவியாகிச் சுவரைக் கடித்துத் துளைத்து வெளியே வரும். ஆக, புழு குளவியாகவில்லை. குளவிக் குஞ்சுக்குத் தீனியானது.

எல்லாக் குளவிக்கும் இரை ஒன்றல்ல. வரப்பு மண்ணில் வளை தோண்டி, வெட்டுக்கிளியை இழுத்துப்போய் வைக்கும் குளவி உண்டு. மண்ணுக்குள் புகுந்து வேர்ப்புழுவையே தேடிப்போய், கொட்டி, அதன் மேல் முட்டையிடும் குளவியும் உண்டு. சுவரில் மண்ணை அப்பியது போலப் பல அறைகள் வைத்துக் கட்டும் மெல்லிடைக் குளவி சிலந்திகளை அடைக்கும். அதன் அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். நம்ம மதராசப்பட்டினத்தின் பெயரை வைத்து 1781இல் பதிவானது. சிலந்தியும் வயலுக்கு நண்பன்தானே என்று கேட்பீங்க. உண்மைதான். ஆனாலும் அதற்காக அந்தக் கூட்டை உடைக்க வேண்டாம். வயலில் இரண்டுக்கும் இடம் உண்டு.

"குளவி கொட்டுமே, பிள்ளைகள் நடமாடும் இடமாச்சே" என்று பயப்படுவது நியாயம். தனியாகக் கூடு கட்டும் இந்தக் குளவி, கையில் பிடித்தாலோ நசுக்கினாலோதான் கொட்டும். கூட்டமாக வந்து தாக்காது. மரத்தில் பெருங்கூடு கட்டும் கதண்டு அப்படியல்ல, ஆளைக் கொல்லக்கூடியது. அதன் கிட்டே போகாதீங்க, கல்லெறியாதீங்க. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க.

மண்கூட்டைத் தட்டும் முன் ஒரு நிமிடம் பாருங்க. துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாய் மூடியிருந்து துளையும் இல்லையென்றால் உள்ளே குஞ்சு இருக்கும், விட்டுவிடுங்க.

குளவி மட்டும் போதும், மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புழு அதிகமாகிச் சேதம் எல்லை மீறினால் மருந்து அடிக்கத்தான் வேண்டும். ஆனால் நாலு புழுவைக் கண்டதுமே தெளிப்பானைத் தூக்கினால், புழுவோடு வேட்டைக்காரியும் சாகும். அடுத்து வரும் புழுவைப் பிடிக்க ஆளிருக்காது. குளவி வெயிலில்தான் வேட்டையாடும். ஆகவே அடிக்க வேண்டி வந்தால் சாயங்காலத்தில் அடியுங்க. வளர்ந்த குளவிக்குப் பூந்தேன்தான் ஆகாரம். வரப்பில் பூத்த தும்பையைக் கொஞ்சம் விட்டுவையுங்க.

கூலி கேட்காமல் உங்க வயலில் புழு பொறுக்கும் ஆள் அது. அதன் வீட்டை நாம் இடிக்க வேண்டாம்.